சிறுவரைச் சிரிக்கவைத்த சுகுமார் ராய்

குழந்தைகளுக்குப் பாட்டெழுதுவது எளிய காரியம் என்று எண்ணுவோர் பலர். அதுவும் வேடிக்கைப் பாட்டென்றால், வெறும் விளையாட்டென்று ஒதுக்கிவிடுவர். மிஷன் பாடசாலைகளிற் பயின்ற என் போன்றோர், இவ்வகைப் பாட்டுக்கு எட்வர்ட் லியர் என்னும் ஆங்கிலேயரையே உதாரணமாகக் காட்டுவோம். அவரைப் போலவே தாமே பாடி, அதற்குரிய படத்தையும் தாமே வரைந்த ஒருவர் வங்கநாட்டிலும் வாழ்ந்தார். அவரே சுகுமார் ராய்.

சுகுமார் 1887ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கல்கத்தாவிலே பிறந்தார். தந்தையார் உபேந்திரகிசோர் ராய் சௌத்ரி, இராமாயண பாரதக் கதைகளைச் சிறுவர்க்கென எழுதியவர், ஓவியர், படங்களை அச்சிடும் கலையில் வல்லுநர். மைந்தரோ பிரெசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகமும் இரசாயனமும் கற்றுச் சிறப்புப் பட்டம் பெற்றார். ஆயினும் சிரிப்பை அவர் மறந்தாரல்லர். நண்பரையும் உறவினரையும் கூட்டி 'நான்சென்ஸ் கிளப்' என ஒரு சங்கம் அமைத்தார். அங்கே நாடகம் எழுதி நடித்தனர். கையெழுத்துச் சஞ்சிகையும் நடத்தினர். பிற்காலத்து நகைச்சுவைக் கவிஞர் உருவானது அந்த இளைஞர் சங்கத்திலேதான்.

1911இற் புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்று, இலண்டனிலும் மாஞ்செஸ்டரிலும் படஅச்சுக் கலையைப் பயின்று, 1913இல் மீண்டார். அவ்வாண்டிலேயே தந்தையார் 'சந்தேஷ்' என்ற சிறுவர் சஞ்சிகையைத் தொடங்கியிருந்தார். வங்கமொழியில் அச்சொல் செய்தியையும் குறிக்கும். ஓர் இனிப்புப் பண்டத்தையும் குறிக்கும். 1915 டிசம்பரில் தந்தையார் காலமாகவே, சஞ்சிகையின் பொறுப்பு இருபத்தெட்டு வயதுச் சுகுமாரின் தோளில் விழுந்தது. பாட்டு, கதை, விஞ்ஞானக் கட்டுரை, படம் யாவற்றையும் அவரே ஆக்கி அளித்தார்.

அவர் பாட்டுக்களில் வாத்தும் முள்ளம்பன்றியும் ஒட்டி ஒரே பிராணியாகும். தம் மீசை களவுபோயிற்றென்று கந்தோர்ப் பெரியவர் ஒருவர் கூச்சலிடுவார். உலகில் இல்லாத பிராணியைச் சொல்லால் மட்டும் காட்டுதல் அரிது. குழந்தை அதைக் கண்ணாலும் காணவேண்டும். ஆகவே அவருடைய படம் பாட்டுக்கு அலங்காரமன்று. பாட்டின் பாதியே அது. மற்றொரு பாட்டிலே, சிவபெருமானின் நாட்டிற் சறுக்கி விழுந்தவனுக்கு 21 ரூபா தண்டம்! குழந்தைகள் இதைக் கேட்டுக் கைகொட்டிச் சிரிப்பர். அந்நியர் ஆட்சியின் சட்டங்களை அறிந்த பெரியோர் சிரித்தபின் சிந்திப்பர்.

1921இல் ஒரே மைந்தன் பிறந்தான். அவ்வாண்டிலேயே காலா-அசார் என்னும் கொடிய காய்ச்சல் சுகுமாரைப் பற்றியது. இரண்டரை ஆண்டுகள் நோயோடு போராடினார். அக்காலத்திலும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. படுக்கையிலிருந்தபடியே எழுதினார், வரைந்தார். தம் வேடிக்கைப் பாட்டுக்களைத் திரட்டி 'ஆபோல் தாபோல்' என்னும் நூலாக்கி, எந்தப் பக்கத்தில் எந்தப் படம் அமையவேண்டும் என்பதையும் தாமே வகுத்தார். மகாகவி தாகூர் அவர் படுக்கையருகே வந்து பாடி ஆறுதல் அளித்தார். 1923 செப்டெம்பர் 10ஆந் திகதி, முப்பத்தைந்து வயதிலே, சுகுமார் கண்மூடினார். ஒன்பது நாட்களின் பின் நூல் வெளிவந்தது. வங்கக் குழந்தைகளையெல்லாம் சிரிக்கவைத்த அந்நூலின் அச்சுப் பிரதியைக் கையில் ஏந்தும் பேறு ஆசிரியருக்குக் கிட்டவில்லை.

அன்று இரண்டு வயதுப் பாலகனாயிருந்த மைந்தரே பின்னாளில் உலகம் போற்றிய திரைப்பட மேதை சத்யஜித் ராய். நின்றுபோயிருந்த 'சந்தேஷ்' சஞ்சிகைக்கு 1961இல் நண்பரொருவருடன் சேர்ந்து மீண்டும் உயிரூட்டியவர் அவரே.

இளைஞர்காள்! பட்டமும் மேனாட்டுப் பயிற்சியும் பெற்ற ஒருவர், சிறுவர்க்குப் பாடுவதைத் தம் தகுதிக்குக் குறைவென்று கருதவில்லை. மரணம் வாசலில் நின்றபோதும் அதனைக் கைவிடவில்லை. தம் துன்பத்தைத் தம்மோடு வைத்துக்கொண்டு, சிரிப்பை மட்டும் குழந்தைகளுக்கு விட்டுச்சென்றார். நாம் கற்ற கல்வியில் ஒரு பங்கையேனும் நம் சிறார்க்கு ஈதல் அவருக்குச் செய்யும் அஞ்சலியாகும்.