டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்

புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தவர் முத்துலட்சுமி அம்மையார். தந்தையார் நாராயணசாமி ஐயர், தாயார் சந்திரம்மாள். பெண்மக்கள் கல்லூரி செல்லுதல் தகாதெனக் கருதப்பட்ட அக்காலத்தே, ஊரார் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது மகாராஜா கல்லூரியிற் பயின்றார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907-இற் சேர்ந்து 1912-இற் பட்டம் பெற்றார். 1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார்.

1923-இல் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதெனத் தெளிந்தபோது காலம் கடந்திருந்தது. தாம் மருத்துவராய் இருந்தும் உடன்பிறந்தாளைக் காக்க இயலாமற் போன துயரம் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. அன்று முதல், இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை காண்பதே அவர்தம் நோன்பாயிற்று.

சென்னைச் சட்டசபையிற் புகுந்து துணைத் தலைவராய் விளங்கியதும், தேவதாசி முறையை ஒழிக்க முயன்றதும், ஆதரவற்ற பெண்டிர்க்காக ஒளவை இல்லம் நிறுவியதும் யாவரும் அறிவர். ஆயினும் தங்கையின் நினைவை அவர் மறந்தாரில்லை. புற்றுநோயாளர் பிழையார், அவர்க்கெனப் பொருள் செலவிடல் வீண் என்பது அந்நாளிற் பலரது கருத்து. அம்மையார் சோர்வுறாது வீடுதோறும் பொருள் திரட்டினார். 1952-இற் பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ஆம் நாள் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அம்மையாரின் புதல்வர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1957-இற் கோபால்ட் கதிர்க்கருவி அங்கு வந்தது.

இத்தகைய கதிர் மருத்துவத்தின் பெரும்பயனைக் குரல்வளைப் புற்றுநோயிற் காணலாம். குரல் நாணில் தோன்றும் சிறு கட்டி, தொடக்கத்திலேயே குரலைக் கம்மச் செய்து தன்னை அறிவித்துவிடும். குரல் நாணில் நிணநீர்க் குழாய்கள் மிகச் சிலவே ஆதலின், நோயும் விரைந்து பரவாது. அந்நிலையில் கதிரைச் சிறு சிறு அளவாகப் பிரித்து, வாரத்திற்கு 5 நாளாக 5 முதல் 7 வாரம் வரை செலுத்தினால் பெரும்பாலோர் குணமடைவர். குரல்வளையை அறுத்தெடுக்க வேண்டா. பேச்சும் நிலைத்து நிற்கும். காலந் தாழ்த்தினாலோ, உயிர் காக்கக் குரலையே இழக்க நேரலாம்.

மீஞ்சூர் முதற் கும்மிடிப்பூண்டி வரையுள்ள ஆலைகளில், இயந்திர ஓசைக்கு மேலாகக் கூவிப் பேசி உழைப்போர் பலர். குரல் கம்மினால் கூவியதன் விளைவென்றோ சளியென்றோ எண்ணி வாளாவிருத்தல் எளிது. அவருட் புகை பிடிப்போர்க்கு ஆபத்து மிகுதி. மூன்று வாரத்திற்கு மேலும் குரல் தெளியாவிடில் தொண்டை மருத்துவரை நாடுமாறு தந்தையர்க்கும் தமையன்மார்க்கும் எடுத்துரைத்தல் மாணவராகிய நம் கடனாம்.

1968 ஜூலை 22-ஆம் நாள் அம்மையார் மறைந்தார். தம் தங்கைக்குக் கிட்டாத காலத்தைப் பிறர்க்கேனும் பெற்றுத் தர முயன்றதே அவர் வாழ்வு. அக்காலத்தை வீணாக்காதிருத்தல் நம் பொறுப்பு.