கேட்கக் கூசாத பேராசான்

திண்டிவனம், வீடூர், மேல்சித்தாமூர் ஆகிய ஊர்களிலிருந்து சென்னைக்குச் செல்லும் நம்மவர் மதுராந்தகத்தையும் கருங்குழியையும் கடந்தே செங்கற்பட்டை அடைவர். அங்கிருந்து மாமல்லபுரக் கடற்கரையை நோக்கித் திரும்பினால் திருக்கழுக்குன்றம் வரும். 1942ஆம் ஆண்டு, போர் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியூர்களுக்குச் சென்ற காலத்தில், மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவ்வூருக்கு வந்து தங்கினார். அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே அவர் வாழ்வு நிறைவுற்றது. அவ்வழியே செல்லுந்தோறும் நாம் நன்றியோடு நினைக்கத்தக்க பெரியார் அவர்.

1855இல் பிறந்து, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ஐயரவர்கள், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். படித்ததில்லை என்று அவர் மறையாது ஒப்புக்கொண்டார். பின்னர் நூலைக் கையிலெடுத்தபோது, நச்சினார்க்கினியர் உரையிருந்தும் சமண சமயச் செய்திகள் பல விளங்கவில்லை.

அப்போது அவருக்கு வயது 25. கல்லூரி ஆசிரியர் என்னும் மதிப்பும் சைவப் புலமையும் உடையவர். ஆயினும் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கே ஒரு வீட்டில் தோரணமும் கோலமும் கண்டு திருமணமோ என எண்ணினார். சிந்தாமணிப் பாடம் நிறைவுற்றதற்கான விழா அது என்று அறிந்தபோது அவர் அடைந்த வியப்புக்கு அளவில்லை. தாம் தனியே இருந்து தடுமாறிய நூலை ஒரு சமூகம் பண்டிகையாகக் கொண்டாடியதன்றோ! சந்திரநாத செட்டியார், வீடூர் அப்பாசாமி நயினார் முதலியோரிடம் ஐயங்களை ஒரு மாணாக்கனைப்போல் கேட்டார். ஒரு சொல் விளங்கினாலும் புதையல் கண்ட சிறுவனைப்போல் மகிழ்ந்தார். அந்த ஆர்வத்தைக் கண்ட நம் முன்னோர் அவரைப் பவ்விய ஜீவன் என்றே கருதினர்.

சைவராகிய அவர் சமண நூலில் ஈடுபடுவதைக் குறை கூறியவரும் இருந்தனர். அவர் தம் சமயத்தை விடவுமில்லை. பிற சமயத்தாரிடம் கற்பதை நிறுத்தவுமில்லை. 1887இல் திருத்தக்கதேவரின் காப்பியம் அச்சில் வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியவற்றை அவர் பதிப்பித்தார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்துச் சிறப்பித்தது. முதுமையிலும் அவர் கேட்பதை விடவில்லை. தமக்குக் கற்பித்தோர் பெயர்களைத் தம் வரலாற்றில் எழுதிவைக்க மறக்கவுமில்லை.

இவ்வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு. வந்தவர் வேற்றுச் சமயத்தார் என்று நம் முன்னோர் கதவை அடைத்திருந்தால் சிந்தாமணி என்னாகியிருக்கும்? அறியாமை வெளிப்படுமே என்று ஐயரவர்கள் நாணியிருந்தால் என்னாகியிருக்கும்? இன்று நம் வீடுகளில் ஸ்ரீபுராணம் பேழைக்குள் இருக்கிறது. பிள்ளைகள் பொருள் கேட்டால், நமக்குத் தெரியாது என்று சொல்லக் கூசி, பேச்சை மாற்றுகிறோம். தெரியாததை ஒப்புக்கொண்டு, அறிந்த முதியவரிடம் அப்பிள்ளையுடன் சேர்ந்து சென்று அமர்ந்தால் குறையொன்றுமில்லை. பேராசிரியர் ஒருவர் நம் முன்னோர் வீட்டில் அவ்வாறுதான் அமர்ந்தார். வரும் சதுர்மாசத்திலேனும் நம் இல்லங்களில் அப்பாடம் தொடங்குமாக.