செடியை வாட வைப்பது எது? பூஞ்சையின் பின்னால் போன டி.எஸ்.சதாசிவன்

தண்ணீர் பாய்ச்சியும் வாழை வாடுதா? அடி இலை மஞ்சளாகி, காம்பு மடங்கித் தொங்குதா? திருவண்ணாமலை பக்கம் வாழை போடுறவங்களுக்கு 'வாடல் நோய்' புதுசு இல்லை. காரணம், மண்ணில் வாழும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை. பருத்தியைத் தாக்குவது இதன் நெருங்கிய சொந்தம். அதன் பின்னால் பல வருஷம் போனவர்தான் டி.எஸ்.சதாசிவன்.

1913-ல் பிறந்தவர். லக்னோவில் படிப்பு, பிறகு இங்கிலாந்தில் ஆராய்ச்சி. 1944-ல் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தின் இயக்குநரானார். அதற்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் பாசி ஆய்வில் பெயர் பெற்ற எம்.ஓ.பி.ஐயங்கார். சதாசிவன் வந்ததும் ஆய்வகத்தின் கவனம் மண்ணுக்கும் பயிர் நோய்க்கும் திரும்பியது.

பூஞ்சையை ஆராயணும்னா முதலில் அதற்குச் சாப்பாடு போடணும். சுலபமான மெனு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்த சாறு, 20 கிராம் டெக்ஸ்ட்ரோஸ், கெட்டியாக்க அகார். (ராமநாதபுரம் கடலில் பெண்கள் மூழ்கி எடுக்கிற மரிக்கொழுந்து பாசியிலிருந்து வருவதும் இதே அகார்தான்.) இதில் ஃபியூசேரியம் பஞ்சு மாதிரி வளரும். ஆனால் உருளைக்கிழங்கில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கு என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால் சர்க்கரையும் உப்புகளும் அளந்து போட்ட திரவ ஊடகம் தேவை. ஒரு சத்தைக் கூட்டிக் குறைத்தால் என்ன ஆகுது என்று அதில்தான் பார்க்க முடியும்.

இங்கேதான் பெரிய சண்டை. குடுவையில் வளரும் ஃபியூசேரியம் 'ஃபியூசேரிக் அமிலம்' என்ற நஞ்சைச் சுரக்கிறது. செடியை வாட வைப்பது இதுதான் என்றார் சுவிட்சர்லாந்தின் எர்ன்ஸ்ட் கெய்மன். ஆனா, சர்க்கரை ஊட்டி வளர்த்த பூஞ்சை செய்வதை செடிக்குள் இருக்கிற பூஞ்சையும் செய்யும்னு எப்படி நம்புவது? நியாயமான கேள்வி.

பதில் வந்தது சென்னையிலிருந்து. சதாசிவனின் ஆய்வகத்தைச் சேர்ந்த லட்சுமிநாராயணனும் டி.சுப்பிரமணியனும், நோய் தாக்கிய பருத்திச் செடிக்குள்ளேயே அந்த அமிலத்தைக் கண்டார்கள். 1955-ல் 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியானது. ஊடகத்தில் துத்தநாகத்தின் அளவு மாறினால் அமிலச் சுரப்பும் மாறுவதை அதே ஆய்வகம் காட்டியது. மண்ணில் துளியூண்டு இருக்கிற உலோகத்துக்கு இவ்வளவு வேலை!

இதோடு விவகாரம் முடிஞ்சிடலை. நஞ்சு மட்டும் காரணமில்லை, தண்ணீர் ஏறும் குழாய்கள் அடைபடுவதும் வாடலுக்குக் காரணம்.

1974-ல் பத்மபூஷண் பெற்ற சதாசிவன் 2001-ல் காலமானார். வாடல் பிடித்த வாழையைக் குணமாக்கும் மருந்து இன்னும் கடைக்கு வரலை. நோயில்லாத கன்றும், தாக்குப்பிடிக்கும் ரகமும்தான் விவசாயி கையில் இருக்கும் வழி.