சமமாக அமர்ந்தவர்

பெரியோர் வரலாறுகளை நம் சங்க இதழில் எழுதுவது வழக்கம். இம்முறை நான் எழுதப் புகுவது, எங்கள் வீட்டில் பெயரே சொல்லப்படாத ஒருவரின் வரலாறு.

என் பாட்டனார் கமுதிப் பக்கத்து மறவர் குடியில் பிறந்தவர். கூலி வேலை தேடிக் கப்பலேறிப் போர்ட் பிளேருக்கு வந்தவர். எங்கள் வீட்டுச் சுவரில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரின் படம் உண்டு. அடுத்த வீட்டாரும் அதே சீமையினர்தாம். ஆனால் அவர்கள் சுவரில் தொங்கியது வேறோர் இளைஞரின் படம். இரு வீட்டாரும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடித்தோம். எனினும் அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று நான் கேட்கும்போதெல்லாம் பாட்டனார் பேச்சை மாற்றிவிடுவார். அவர்தாம் இமானுவேல் சேகரன் என்பதைப் பின்னாளில் நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

அவர் 1924ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் முதுகுளத்தூரை அடுத்த செல்லூரில் பிறந்தார். தந்தையார் வேதநாயகம் ஒரு பள்ளி ஆசிரியர். ஒதுக்கி வைக்கப்பட்ட சமூகத்தில், எழுத்தறிந்த வீட்டில் அவர் வளர்ந்தார். 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். பின்னர் இராணுவத்தில் பணியாற்றினார். அங்கே நிமிர்ந்து நடந்து பழகியவர், ஊர் திரும்பியதும் என்ன கண்டார்? தேநீர்க் கடையிலே தம் மக்களுக்கெனத் தனிக் குவளை! பொதுக் கிணற்றிலே அவர்களுக்குத் தடை! அதைக் கண்டு அவர் வாளாவிருக்கவில்லை. ஊர் ஊராகச் சென்றார். தீண்டாமையை எதிர்க்க இளைஞர்களைத் திரட்டினார். காங்கிரஸ் கட்சியில் இருந்துகொண்டே இந்தப் பணியைச் செய்தார்.

அந்நிலையில் 1957ஆம் ஆண்டின் பொதுத் தேர்தல் வந்தது. பார்வர்டு பிளாக் தலைவரான தேவர் நாடாளுமன்றத் தொகுதியிலும், முதுகுளத்தூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் வென்றார். சட்டமன்ற இடத்தை அவர் விட்டுவிட்டதால் ஜூலையில் அங்கே இடைத்தேர்தல் நடந்தது. அதிலும் பார்வர்டு பிளாக் வேட்பாளர் சசிவர்ணத் தேவரே வென்றார். ஒடுக்கப்பட்ட மக்களில் பெரும்பாலோர் காங்கிரசை ஆதரித்தனர். வாக்கு எண்ணி முடிந்தது, பகை முடியவில்லை. இரு கட்சி ஆதரவாளர்களும் மோதிக்கொண்டனர். கட்சிச் சண்டை சாதிச் சண்டையாகி ஊர்கள் எரிந்தன.

நான் அறிவியல் மாணவன். தீக்குச்சி மட்டும் தீயை வளர்ப்பதில்லை. எரிவதற்கு அங்கே ஒரு பொருள் இருக்கவேண்டும் என்பதை அறிவேன். தேர்தல் தீக்குச்சியே. காய்ந்து கிடந்த வைக்கோல் அதற்கு முன்பே அங்கே இருந்தது. ஒரு மனிதனுக்கு ஒரு வாக்கு என்று சட்டம் சொன்னது. ஒரே குவளை என்று ஊர் சொல்லவில்லை.

செப்டம்பர் 10ஆம் நாள் முதுகுளத்தூரில் மாவட்ட ஆட்சித் தலைவர் சமாதானக் கூட்டம் கூட்டினார். தேவரும் வந்தார், தம் மக்களின் பிரதிநிதியாக இமானுவேலும் வந்தார். வழிவழியாகக் கைகட்டி நின்றவர்களின் பிள்ளை, அன்று சமமாக அமர்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். முப்பத்து மூன்று வயது நிறைய இன்னும் ஒரு திங்கள் இருந்தது.

அதன்பின் கலவரம் முன்னிலும் கடுமையாயிற்று. செப்டம்பர் 14ஆம் நாள் கீழத்தூவலில் போலீசார் சுட்டதில் மறவர் ஐவர் மாண்டனர். கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட தேவரைக் குற்றமற்றவர் என்று 1959இல் நீதிமன்றம் விடுவித்தது. இரு பக்கமும் தாய்மார் அழுதனர். ஒரு பக்கத்து அழுகையை மட்டுமே நான் கேட்டு வளர்ந்தேன். இந்திய அரசு 2010இல் இமானுவேலுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தியும் வரவில்லை.

முதுகுளத்தூர் எரிந்த அந்த 1957இல் இந்தத் தீவு மக்களுக்கு மக்களவைத் தேர்தலில் வாக்குரிமை இல்லை. நம் மக்களவை உறுப்பினரைக் குடியரசுத் தலைவர்தாம் நியமித்து வந்தார். 1967இல்தான் முதன்முதலாக மக்களவைக்கு இங்கு வாக்களித்தோம். 2024 தேர்தலில் எங்கள் வீட்டாரும் அடுத்த வீட்டாரும் ஒரே வரிசையில் நின்றோம். அந்த வரிசையில் முன்னவர், பின்னவர் உண்டு. மேலவர், கீழவர் இல்லை. இமானுவேல் கேட்டது இவ்வளவுதானே!

இனி ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு நம் சங்க விழாவில் தலைவர்கள் படங்களை வைத்தபோது, இளைய மாணவர் ஒருவர் இமானுவேலின் படத்தைக் கொண்டுவந்தார். வீண் சச்சரவு வேண்டாம் என்று முதலில் எழுந்து தடுத்தவன் நான். அவர் மறுமொழி சொல்லாமல், படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துச் சென்றார். சமாதானம் என்று நான் சொன்னது, அவரை வெளியே நிற்கவைத்துப் பெற்ற அமைதி. அது சமாதானம் அன்று. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று.

வரும் செப்டம்பர் 11ஆம் நாள் நம் சங்க அறையில் அந்தப் படத்தை வைப்போம். தேவரின் படத்தை எடுக்க வேண்டியதில்லை. அதனருகிலேயே, அதே உயரத்தில் வைப்போம். ஆணியை நான் அடிக்கிறேன். படத்தை அந்தத் தம்பியே கொண்டுவந்து மாட்டவேண்டும் என்று, இந்த இதழின் வாயிலாக எல்லோரும் அறிய அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.