கதவுகளைத் தட்டிய சீடர்
புனித யோசேவ் வாஸ் அடிகளார்

இயேசு தம் சீடரை இருவர் இருவராக அனுப்பியபோது பையோ, பணமோ, மாற்று உடையோ எடுத்துச் செல்ல வேண்டாம் என்று பணித்தார். இதை வாசிக்கும் நாம், அது அக்காலத்துக்கு உரியது என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம். ஆனால் அக்கட்டளையைச் சொல்லுக்குச் சொல் ஏற்று நடந்த ஒருவர் 1687ஆம் ஆண்டு நம் நாட்டுக்கு வந்தார். அவரே யோசேவ் வாஸ் அடிகளார்.

1651 ஏப்ரல் 21ஆம் நாள் கோவாவிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில், நல்ல நிலையிலிருந்த பிராமண வம்சக் கத்தோலிக்கக் குடும்பத்தில் அவர் பிறந்தார். 1676இல் குருவானார். 1685இல் கோவாவில் ஒரத்தோரியன் சபையில் சேர்ந்து, அதன் தலைவராகவும் தெரிவு செய்யப்பட்டார். அங்கேயே மதிப்போடு வாழ்ந்து முடித்திருக்கலாம். ஆனால் இலங்கையில் மேய்ப்பரின்றித் தவிக்கும் மக்களின் நினைவு அவரை உறங்கவிடவில்லை.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியிருந்தனர். கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டனர். கோவில்கள் பறிபோயின. குருவுக்குப் புகலிடம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் பூசையுமில்லை, பாவசங்கீர்த்தனமுமில்லை. தாய்மார் சொல்லிக் கொடுத்த செபங்களே விசுவாசத்தைக் காத்தன.

அடிகளார் தலைமைப் பதவியைத் துறந்தார். குருவுடையைக் களைந்து கூலியாளின் உடை தரித்தார். ஜோன் என்னும் ஊழியர் ஒருவரை மட்டும் துணைக்கொண்டு, தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். புயலிலும் பட்டினியிலும் நலிந்து யாழ்ப்பாணம் சேர்ந்தபோது, கடும் வயிற்றோட்டம் அவரைச் சாவின் விளிம்புக்கே கொண்டு சென்றது. சுகமானதும் கழுத்தில் பெரிய செபமாலை ஒன்றை அணிந்து, வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்தச் செபமாலையைக் கண்டு எந்த முகம் மலர்கிறது என்று அவரது கண்கள் தேடின.

அன்பான வாசகர்களே, அந்த வாசலில் நின்ற குடும்பத்தையும் சற்று நினைத்துப் பாருங்கள். வந்தவர் குருவானவரா, ஒற்றரா? அழைத்தால் உயிருக்கு ஆபத்து. அனுப்பிவிட்டால் நற்கருணை நாதரையே அனுப்பியதாகும். நம் முன்னோர் கதவைத் திறந்தனர். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. இரவில் பூசை, பகலில் மறைவு என்று திருச்சபை மீண்டும் மூச்சுவிட்டது. அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. ஒரு நத்தார் இரவில் ஒல்லாந்தப் படையினர் வீடுகளைச் சுற்றி வளைத்துக் கூடியிருந்தோரைப் பிடித்துச் சென்றனர். அடிகளார் அகப்படவில்லை. பிடிபட்டவர்களுள் சிலர் கொடிய தண்டனை அனுபவித்தனர்.

அதன்பின் புத்தளம் சென்று, 1692இல் கண்டியை அடைந்த அவர், போர்த்துக்கேய ஒற்றர் என்ற பழியால் சிறையிடப்பட்டார். சிறையிலிருந்தே சிங்களம் கற்றார். காலப்போக்கில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரது தூய வாழ்வை உணர்ந்து, தடையின்றிப் பணிபுரிய இடமளித்தான்.

1697இல் கண்டியில் வைசூரி பரவியது. உறவினரே நோயாளரைக் காட்டில் விட்டு ஓடினர். மன்னனும் பிரபுக்களும் நகரை விட்டு அகன்றனர். அடிகளாரோ உடன் குருவானவர் ஒருவரோடு அங்கேயே நின்றார். கைவிடப்பட்டோரைத் தேடிச் சேர்த்து, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கம் செய்தார். கத்தோலிக்கரா, புறமதத்தவரா என்று அவர் பார்க்கவில்லை. எவ்வளவோ பிரசங்கங்கள் சாதியாததை அந்தப் பணி சாதித்தது.

பின்னர் கோவாவிலிருந்து வேறு குருக்களும் வந்து சேர்ந்தனர். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் தமிழிலும் சிங்களத்திலும் ஞான நூல்கள் இயற்றினார். இலங்கைத் திருச்சபைக்கு அடிகளாரையே தலைவராக்கும் யோசனை எழுந்தபோது, அவர் தாழ்மையோடு மறுத்துவிட்டார். கால்நடையாக ஊர் ஊராய் அலைந்து தேய்ந்த உடல் 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் ஓய்ந்தது. 1995இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14ஆம் நாள் அதே திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகவும் உயர்த்தினர்.

சீடராய் வாழ்வது எப்படி என்று நாம் கேட்கிறோம். அடிகளாரின் வாழ்வு தரும் விடை எளியது, ஆனால் கடினமானது. இயேசு சொன்னதைச் சொன்னபடியே செய்வதுதான் அது. எல்லோரும் கடல் கடந்து போக வேண்டியதில்லை. அயல்வீட்டில் நோயுற்றுக் கிடப்பவரிடம் போகலாம். ஒதுக்கப்பட்டவரை நம் பந்தியில் அமர்த்தலாம். பிள்ளைகளோடு முழந்தாளிட்டு மாலைச் செபம் சொல்லலாம்.

அன்று செபமாலையைக் கண்டு கதவைத் திறந்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். இன்று நம் கதவைத் தட்டும் ஏழையில் ஆண்டவரை இனங்கண்டு அதைத் திறப்போமா?