துர்காவின் டாக்டர்

மெக்கானிக்கல் படிக்கிற பொண்ணு டாக்டர் கதை எழுதுறாளே என்று சிரிக்காதீர்கள், நண்பர்களே!

டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் 1931-ல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து பத்தே வாரத்தில், 1978 அக்டோபர் 3 அன்று, கல்கத்தாவில் இவர் முயற்சியால் துர்கா பிறந்தாள். கருவை உறைய வைத்து, பிறகு தாயின் கருப்பைக்குள் வைத்தார். உறைந்த கருவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்ததே 1984-ல்தான்.

அரசு அமைத்த குழு நம்பவில்லை. ஹார்மோன் ஆராய்ந்தவரைக் கண் மருத்துவ நிலையத்துக்கு மாற்றினார்கள். (கண்ணுக்கும் கருவுக்கும் என்னங்க சம்பந்தம்?) 1981 ஜூன் 19-ல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-ல் பிறந்த ஹர்ஷாதான் நாட்டின் முதல் குழந்தை என்றிருந்தது. அதற்குக் காரணமான விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமாரே 1997-ல் முகோபாத்யாயின் குறிப்புகளைப் படித்துவிட்டு, முதல்வர் அவர்தான் என்று எழுதினார். தன் பட்டத்தைத் தானே விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

இன்று கருவில் சில செல்களை எடுத்து மரபணுவைச் சோதிக்கிறார்கள். முடிவு வரும்வரை கரு உறைநிலையில் காத்திருக்கும். நோய் அறிய அனுமதி உண்டு. ஆணா பெண்ணா என்று பொறுக்குவதை 2021-ம் வருடச் சட்டம் தடுக்கிறது. நிறம், உயரம் பார்த்தும் பொறுக்கலாமே என்று வெளிநாட்டில் பேச்சு.

1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தது சேலம் மாவட்டத்தில். எங்க வெண்ணந்தூரும் அப்போது அதில்தான் இருந்தது. வீட்டில் நான் மூன்றாவது பொண்ணு. எனக்கு அந்தச் சட்டம் வேணும். துர்காவைப் பொறுக்கி எடுக்க 1978-ல் சோதனையே கிடையாது.