டென்ஷன்ல சாப்பாடு இறங்காதது ஏன்? பூனைகளிடம் பதில் தேடிய வால்டர் கேனன்!

இன்டர்வியூ அன்னைக்குக் காலையில இட்லி தொண்டையிலேயே நிற்கும். கை சில்லிடும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். உடம்பு ஏன் இப்படிச் செய்யுதுன்னு வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர், அமெரிக்க உடலியல் விஞ்ஞானி வால்டர் கேனன்.

1871-ல் விஸ்கான்சின் மாகாணத்தில் பிறந்தவர், 1896-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது எக்ஸ்ரே வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பிஸ்மத் உப்பு கலந்த உணவைப் பூனைகளுக்குக் கொடுத்து, அது வயிற்றுக்குள் நகர்வதை எக்ஸ்ரே திரையில் பார்த்தார். இரைப்பை அலை அலையாக அசைந்தது. ஆனா, பூனை மிரண்டதும் அசைவு சட்டென நின்றுபோனது!

கேனன் அதை அப்படியே விடவில்லை. குரைக்கும் நாயின் முன் பூனையை வைத்து, 1911-ல் அதன் ரத்தத்தைச் சோதித்தார். அதில் அட்ரினலின் இருப்பது தெரிந்தது.

என்ன நடக்குது?

ஆபத்துன்னு மூளை உணர்ந்ததும், பரிவு நரம்புகள் வழியாக அட்ரினல் சுரப்பிக்குத் தகவல் போகும். இதயம் வேகமெடுக்கும், கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் விடும், செரிமானம் மட்டும் வெயிட்டிங்கில் நிற்கும். சண்டை போடு, இல்லைன்னா ஓடு என்பதற்கான தயாரிப்பு இது. 1915-ல் வெளியான தன் புத்தகத்தில் இதை விரிவாக விளக்கினார்.

சரி, ஆபத்து இல்லாத நேரத்தில்? வெயிலோ குளிரோ, உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. ரத்தச் சர்க்கரை, உப்பு, நீர் எல்லாமே ஓர் எல்லைக்குள் நிற்கின்றன. இந்தச் சமநிலைக்கு 1926-ல் அவர் வைத்த பெயர்தான் ஹோமியோஸ்டாசிஸ். மூளையின் ஹைபோதலாமஸ், ஏசியின் தெர்மோஸ்டாட் மாதிரி இதைக் கவனித்துக்கொள்கிறது என்பது இன்று பள்ளிப் பாடம்.

பரிவு நரம்புகள் நீக்கப்பட்ட பூனைகள், கதகதப்பான ஆய்வகத்தில் சாதாரணமாகவே வாழ்ந்தன. குளிரில் வைத்தபோதுதான் உடல் வெப்பத்தைக் காக்க முடியாமல் திணறின. வசதியான சூழலில் தெரியாத சமநிலையின் அருமை, நெருக்கடியில்தான் தெரியும் என்பதை அவை காட்டின.

விலை என்ன?

எக்ஸ்ரேயின் ஆபத்து தெரியாத காலம் அது. இளவயதில் போதிய பாதுகாப்பின்றி அதோடு வேலை பார்த்தவருக்கு, பின்னாளில் தோல் பாதிப்பும் புற்றுநோயும் வந்தன. அந்தக் கதிர்வீச்சே காரணம் எனக் கருதப்படுகிறது. 1945-ல், 73 வயதில் இறந்தார். குளிரையும் பயத்தையும் சமாளிக்கத் தெரிந்த உடம்புக்கு, அந்தக் கதிர்களைச் சமாளிக்கத் தெரியவில்லை.